வண்டி ஒதுக்கும் மேசையிலிருந்து ஒரு நிறுவனத்தைப் பார்த்தல்

மேலாண்மைக் கல்வியில் நிறுவன உத்தி என்னும் பாடம் பெரும்பாலும் முடிந்துபோன ஒரு முடிவிலிருந்தே தொடங்குகிறது. ஒரு நிறுவனம் புதிய சந்தைக்குள் நுழைந்தது, ஒரு பொருளைக் கைவிட்டது, போட்டியாளர் ஒருவரை விலைக்கு வாங்கியது என்று நடந்து முடிந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அது ஏன் வென்றது அல்லது ஏன் தோற்றது என்று மாணவர்கள் விவாதிக்கிறார்கள். அந்த முடிவு உருவான மாதங்களில் யார் யாரிடம் என்ன பேசினார்கள், எந்த வேலை முதலில் எடுக்கப்பட்டது, எந்த வேலை ஓசையில்லாமல் தள்ளிப்போடப்பட்டது என்பவை அந்த விவாதத்திற்குள் வருவதே இல்லை. நான் ஆராய்வது இவற்றைத்தான். ஒரு நிறுவனம் எந்தத் திசையில் போகிறது என்பதை அதன் அன்றாடக் காரியங்களுக்குள் தேடும் ஆய்வுமரபு ஒன்று உலகில் வேரூன்றியிருக்கிறது. அந்த மரபுக்கு வடசென்னையைப் போல் பொருத்தமான களம் அரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மரபின் முன்னோடிகளில் ஹென்றி மின்ட்ஸ்பெர்கை முதலில் சொல்ல வேண்டும். 1973இல் வெளியான தம் நூலுக்காக அவர் ஐந்து நிறுவனத் தலைவர்களை, ஒவ்வொருவரையும் ஒரு வாரம், கூடவே இருந்து கவனித்தார். அமைதியாக உட்கார்ந்து நீண்டகாலத் திட்டம் தீட்டுபவர்கள் என்று பாடநூல்கள் வர்ணித்த அந்தத் தலைவர்களின் செயல்களில் பாதி ஒன்பது நிமிடத்திற்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒரு பங்குதான். தொலைபேசி, குறுக்கீடு, வழியில் நின்று பேசிய பேச்சு ஆகியவற்றால் ஆனதாக அவர்களுடைய நாள் இருந்தது. பின்னர், 1985இல், ஜேம்ஸ் வாட்டர்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, எண்ணித் திட்டமிட்ட உத்தி ஒருபுறம் இருக்க, செயல்களின் தொடர்ச்சியிலிருந்து தானாகவே உருத்திரளும் உத்தி மறுபுறம் உண்டு என்று காட்டியது. அதே ஆண்டில் ஆண்ட்ரூ பெட்டிக்ரூ, ஐ.சி.ஐ. என்னும் பிரிட்டன் வேதிப்பொருள் நிறுவனத்தில் மாற்றம் எவ்வாறு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு நடந்தது என்பதை விரிந்த நூலாக எழுதினார்.

இவற்றை ஒரு துறையாகத் திரட்டியதில் ரிச்சர்ட் விட்டிங்டனின் பங்கு பெரிது. 1996இல் அவர் எழுதிய சிறு கட்டுரை, உத்தியை நிறுவனம் 'வைத்திருக்கும்' ஒரு பொருளாகப் பார்ப்பதை விட்டு, மனிதர்கள் 'செய்யும்' ஒரு காரியமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. 2003இல் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழும், 2005இல் பவுலா யார்சப்கோவ்ஸ்கியின் நூலும் வந்தன. 2006இல் விட்டிங்டன் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார்: உத்தியைச் செய்பவர்கள், அவர்கள் பொதுவில் கையாளும் வழக்கங்கள், ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் அவர்கள் உண்மையாகவே செய்யும் செய்கை. பூர்தியூ, தெ செர்த்தோ, கிட்டன்ஸ் போன்ற சமூகச் சிந்தனையாளர்களிடமிருந்து கடன்பெற்ற இந்தப் பார்வை எளிமையாகத் தோன்றினாலும், களத்தில் நிற்பவருக்கு இது பெரிய துணை. வழக்கம் வேறு, அன்றைய செய்கை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவுடன், இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றிவிடும்.

அந்த இடைவெளியை நான் மிகத் தெளிவாகக் கண்டது மணலிப் பக்கம் உள்ள ஒரு கண்டெய்னர் போக்குவரத்து நிறுவனத்தில். அப்பா ஒரு லாரியோடு தொடங்கிய தொழிலை இப்போது மகன் நடத்துகிறார். இருபது அடி, நாற்பது அடிப் பெட்டிகளை இழுக்கும் ட்ரெய்லர்கள், ஒரு ஷெட், தகரக் கூரையிட்ட ஓர் அலுவலகம், அதற்குள் ஒரு பழைய மேசை. அந்த மேசையில் உட்காருபவர் சூப்பர்வைசர். முன்னாளில் டிரைவராக இருந்தவர், முதலாளியின் அப்பா காலத்து ஆள். மாலையில், சரக்குகளுக்கான சுங்க வேலைகளை முடித்துத்தரும் கிளியரிங் ஏஜென்டுகளிடமிருந்து மறுநாள் லோடுகளின் விவரம் வந்ததும், எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எத்தனை மணி நேரமாகத் துறைமுக வாயில் வரிசையில் இருக்கிறார், எந்த வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, எந்த லோடுக்கு எந்த வண்டி என்று ஒரு நீள நோட்டில் எழுதுவது அவருடைய வேலை.

முதலாளிக்கு எழுத்தில் ஓர் உத்தி இருந்தது. வங்கிக் கடனுக்காகத் தயாரித்த திட்ட அறிக்கையில் அது அச்சாகியிருந்தது: துறைமுகத்தைச் சார்ந்த அன்றாட லோடுகளைக் குறைத்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுடன் மாத ஒப்பந்தங்களைப் பெருக்குவது. வருமானம் சீராக வரும், வாயிலில் வண்டி முடங்குவது குறையும், வங்கியும் அதைத்தான் விரும்பும். குற்றம் சொல்ல முடியாத சிந்தனை அது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அந்த நிறுவனம் வேறொன்றாக ஆகிக்கொண்டிருந்தது. மணலி, மாதவரம் பகுதிகளில் பெட்டிச் சரக்குகளைக் கையாளும் சி.எஃப்.எஸ். கிடங்குகளுக்கும், காலிப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் எம்ப்டி யார்டுகளுக்கும், காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்கும் இடையே குறுந்தொலைவில் பெட்டிகளை நகர்த்துவதில் அது தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தது. அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இல்லாத தொழில் அது.

இது எப்படி நடந்தது என்பதற்கான விடை அந்த நோட்டில் இருந்தது. சூப்பர்வைசருக்கு, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு விதி உண்டு: வாயில் வரிசையில் நெடுநேரம் நின்று வந்த டிரைவருக்கு அடுத்த ட்ரிப் குறுந்தொலைவாக இருக்க வேண்டும். திருவொற்றியூர் வரை நீளும் ட்ரெய்லர் வரிசையில் குளிக்கவும் முடியாமல் சரியாகத் தூங்கவும் முடியாமல் கிடந்தவரை உடனே நெடுந்தொலைவுக்கு அனுப்பினால், அவர் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வேறு முதலாளியிடம் போய்விடுவார். டிரைவர் கிடைப்பதே அரிதாகிவிட்ட தொழிலில் அது மிகப் பெரிய இழப்பு. ஆகவே அனுபவமுள்ள, நம்பகமான டிரைவர்கள் குறுந்தொலைவு வேலைகளில் சேர்ந்துகொண்டே போனார்கள், தொழிற்சாலை ஒப்பந்த லோடுகளுக்குப் புதியவர்கள் போனார்கள், அங்கே நேரம் தவறியது, அபராதம் வந்தது, ஒப்பந்தங்கள் சுருங்கின. மறுபுறம், யார்டுகளில் இருப்பவர்களுக்கு இந்த நிறுவனத்தின் டிரைவர்களை முகம் தெரிந்திருந்தது, கேட்டவுடன் வண்டி கிடைத்தது, வேலை பெருகியது.

"முதலாளி, ஒரகடத்துக்கு வண்டி இருக்கு" என்று ஒருநாள் மாலை அவர் சொன்னார். சிறிது இடைவெளி விட்டு, "ஆனா தம்பி, கேட்ல நின்னு செத்து சுண்ணாம்பா வந்திருக்கான். அவன இப்ப அனுப்பினா அடுத்த வாரம் நம்ம வண்டில இருக்க மாட்டான்" என்றார். முதலாளி, "சரிண்ணே, நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விவரம் சொல்லும்போது 'முதலாளி' என்றவர், மறுப்புச் சொல்லும்போது 'தம்பி' என்று மாறிக்கொண்டார். அப்பாவின் காலத்திலிருந்து வரும் உரிமை அந்த ஒரு விளியில் மேசைக்கு வந்துவிடுகிறது. முதலாளியும் அதற்கு இணங்கியே 'அண்ணே' என்கிறார். இயக்குநர்களின் உரையாடலை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்து, சிலருடைய பேச்சு எவ்வாறு ஒரு நிறுவனத்தின் போக்கைத் திருப்புகிறது என்று டல்வீர் சாம்ரா-ஃபிரெடெரிக்ஸ் 2003இல் எழுதினார். அத்தகைய நுட்பமான கவனத்திற்குத் தகுதியான பேச்சு, தகரக் கூரைக்கடியிலும் நடக்கிறது.

இந்த மேசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ராபர்ட் பர்கல்மனின் இன்டெல் ஆய்வு நினைவுக்கு வரும். 1968இல் தொடங்கப்பட்ட இன்டெல், நினைவகச் சில்லுகளால் வளர்ந்த நிறுவனம். ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் அந்தத் தொழில் சரிந்து, 1985இல் டிராம் என்னும் அந்த நினைவகச் சில்லுகளைக் கைவிடுவது என்று தலைமை முடிவெடுத்தது. வழக்கமான பாடம் அந்த ஆண்டிலிருந்து தொடங்கும். பர்கல்மன் அதற்கு முந்திய ஆண்டுகளுக்குப் போனார். தொழிற்சாலையின் கொள்ளளவை எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு அங்கே ஒரு விதி இருந்தது: சில்லுகள் உருவாக்கப்படும் மெல்லிய தகடான சிலிக்கன் வேஃபர் ஒவ்வொன்றுக்கும் அதிக லாபம் தரும் பொருளுக்கே முதலிடம். உற்பத்தித் திட்டமிடுவோரும் நிதித் துறையினரும் மாதந்தோறும் அந்த விதியின்படி ஒதுக்கிக்கொண்டே வந்ததால், கொள்ளளவு படிப்படியாக நினைவகத்திலிருந்து மைக்ரோபிராசசர் பக்கம் நகர்ந்துவிட்டது. தலைமையில் இருந்தவர்கள் தம்மை இன்னும் நினைவக நிறுவனமாகவே கருதிக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலை வேறொரு நிறுவனத்தினுடையதாக ஆகியிருந்தது. மேல்மட்டத்தின் முடிவு, கீழே ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றை ஏற்றுக்கொண்டது.

இன்டெலுக்கும் மணலிக்கும் அளவில் ஒப்பே கிடையாது. இயக்கம் மட்டும் ஒன்றேதான்: பற்றாக்குறையான ஒரு வளத்தை ஒதுக்கும் விதி, அதை நாள்தோறும் பிசகாமல் கடைப்பிடிக்கும் ஒருவர், அந்தக் கடைப்பிடிப்பின் கூட்டுத்தொகையாக உருவாகும் ஒரு திசை. இன்டெலில் பற்றாக்குறை வேஃபர். இங்கே டிரைவரின் உடம்பும் பொறுமையும். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமானது. இன்டெலின் விதி கணக்கிலிருந்து வந்தது. சூப்பர்வைசரின் விதி, தானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் ஸ்டியரிங்கின் மேல் தலைசாய்த்துக் கிடந்தவர் என்பதிலிருந்து வந்தது. கணக்கும் அதில் உண்டு, ஆனால் கணக்கு மட்டுமாக அதைச் சுருக்கினால் நாம் கண்டதைத் திரித்து எழுதியவர்கள் ஆவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அன்றாடம் நடப்பதெல்லாம் உத்தி என்று சொல்லத் தொடங்கினால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். இந்தத் துறையின் மீது வைக்கப்படும் விமர்சனங்களில் மிக நியாயமானது இதுவே. ஷெட்டில் டீ வாங்கிவரும் பையன் யாருக்கு முதலில் கொடுக்கிறான் என்பது அதிகாரத்தைப் பற்றி ஏதோ சொல்லும், ஆனால் நிறுவனத்தின் திசையைப் பற்றிச் சொல்லாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் உரைகல் ஒன்றுதான்: இந்தச் செயல் திரும்பத் திரும்பச் செய்யப்படுவதால் வண்டியோ பணமோ ஆட்களோ ஒரு பக்கம் நகர்ந்து, மறுபக்கம் திரும்புவது நாளுக்கு நாள் கடினமாகிறதா? ஆம் என்றால் அதை உத்தியின் பகுதியாக எடுத்துக்கொள்கிறேன். டிரைவர் ஒதுக்கீடு இதில் தேறுகிறது. டயர் வாங்கும் கடை எது என்பது பெரும்பாலும் தேறுவதில்லை, கடன் வாங்கிப் போடும் டயராக இருந்தாலொழிய.

இன்னொன்று, பின்னோக்கிச் சொல்லப்படும் கதைகளைப் பற்றியது. பின்னாளில் ஒரு வாடிக்கையாளரிடம் முதலாளி தம் நிறுவனத்தை அறிமுகப்படுத்தியபோது, யார்டுகளுக்கிடையிலான குறுந்தொலைவு வேலையில் கவனம் செலுத்துவதுதான் தொடக்கத்திலிருந்தே தம் திட்டம் என்று விளக்கினார். அவர் பொய் சொல்லவில்லை. நடந்ததற்கு ஒழுங்கு கொடுத்தால்தான் அடுத்த அடியை எடுத்துவைக்க முடியும், வாடிக்கையாளரும் நம்புவார். ஆனால் ஆய்வாளர் அந்தப் பேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், எழுத்திலிருந்த ஒரு திட்டமும் நோட்டிலிருந்த ஒரு விதியும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது முற்றாக மறைந்துவிடும்.

உலக அளவில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஹோண்டா. பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் தொழில் ஏன் சரிந்தது என்பதை ஆராய்ந்து பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் 1975இல் அந்நாட்டு அரசுக்கு அளித்த அறிக்கை, ஹோண்டாவின் வெற்றியைச் செலவு குறைப்பும் உற்பத்தி அளவும் சேர்ந்த திட்டமிட்ட உத்தியாக விளக்கியது. ரிச்சர்ட் பாஸ்கேல் 1984இல் எழுதிய கட்டுரை, 1959இல் அமெரிக்காவுக்குப் போன ஹோண்டாவின் ஆட்களிடமே கேட்டு வேறு கதையைச் சொன்னது: பெரிய வண்டிகளை விற்கப் போனார்கள், அவை நெடுஞ்சாலைகளில் பழுதாகின, தாங்கள் வேலையாக ஊருக்குள் ஓட்டித் திரிந்த 50 சி.சி. சிறு வண்டியைப் பார்த்தவர்கள் விசாரித்ததும் அதை விற்கத் தொடங்கினார்கள். இந்த விவாதத்தைப் படிக்கும் வடசென்னைக்காரருக்கு இன்னொரு எண்ணமும் எழாமல் இருக்காது. அந்தப் பிரிட்டன் தொழிலின் ஒரு கிளை திருவொற்றியூரில் இருந்தது. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மறைந்த பிறகும் புல்லட்டைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொடர்ச்சி மேல்மட்டத்தின் முடிவுகளால் மட்டும் நிகழ்ந்திருக்க முடியாது. பணிமனையில் ஒரு பாகத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பொருத்திய கைகளுக்கும் அதில் பங்கிருந்திருக்கும். அந்தக் கைகளை அந்தக் காலத்தில் யாராவது பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்குவதுண்டு.

இந்த ஏக்கத்திலிருந்துதான் இத்துறை மீதான என் முதன்மையான குறையும் வருகிறது. அன்றாடத்தை ஆராய்கிறோம் என்று சொன்னவர்களில் பலர் மேல்தளத்தின் அன்றாடத்தையே ஆராய்ந்தார்கள்: இயக்குநர் குழுக் கூட்டங்கள், உயர் மேலாளர்களின் உத்திப் பயிலரங்குகள், திரையில் ஓடும் பவர்பாயின்ட் பக்கங்கள். சாரா கப்லான் 2011இல் ஒரு தொலைத்தொடர்புக் கருவி நிறுவனத்தில் பவர்பாயின்ட் எவ்வாறு உத்தி உருவாகும் களமாகவே ஆகிறது என்று காட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன். விலக்குகளும் உண்டு. பாட்ரிக் ரெக்னேர் 2003இல் சுவீடன் நாட்டுப் பன்னாட்டு நிறுவனங்கள் நான்கை ஆராய்ந்து, புதிய திசைகள் மையத்தைவிட விளிம்பில், முயன்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியில் பிறந்ததைச் சொன்னார். லிண்டா ருலோ 2005இல், ஓர் ஆடை நிறுவனத்தில் இடைநிலை மேலாளர்கள் வாடிக்கையாளர்களிடம் மாற்றத்தை ஆளுக்கேற்ப எடுத்துச்சொன்ன விதத்தை எழுதினார். ஆனால் அந்த விளிம்பும் இடைநிலையும்கூட, அடையாள அட்டை அணிந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களோடு நின்றுவிடுகின்றன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், எஞ்சினைப் பிரிப்பதா வலை வாங்குவதா, எந்த ஆளுக்கு முன்பணம் கொடுத்து அடுத்த பருவத்திற்கு நிறுத்திக்கொள்வது, எந்த ஏலக்காரரின் கடனை ஏற்றுப் பிடிப்பை அவருக்கே கொடுக்கக் கட்டுப்படுவது என்று விசைப்படகு உரிமையாளர் எடுக்கும் முடிவுகள், என் உரைகல்லில் ஐயமின்றித் தேறுபவை. அவரை உத்தி செய்பவர் என்று எந்தப் பாடநூலும் அழைத்ததில்லை.

அமைப்புகள் பிறப்பதிலும் இதே இயக்கத்தைக் காணலாம். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பி அண்ட் சி என்னும் துணி ஆலைத் தொழிலாளர்களின் முதன்மையான குறைகளுள் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. ஆலைக்கருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் நாள்தோறும் சொல்லப்பட்ட குறைகள் ஒன்றுதிரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் வழிநடத்திய ஓர் இயக்கமாயின. சோற்றுக்கு ஓடிவரும் நேரம் போன்ற அன்றாடத்தின் நெருக்கடியிலிருந்து ஓர் அமைப்பு தன் திசையைப் பெற்றது என்பதை வரலாற்றாசிரியர்கள் அறிவார்கள். மேலாண்மைத் துறையினர் அதைத் தம் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

களத்தில் இருப்பது பற்றியும் சில சொல்ல வேண்டும். மேசைக்கருகே உட்கார்ந்து குறிப்பெடுப்பது எளிது. இப்போது வேலையின் பாதி வாட்ஸாப் குழுக்களில் குரல் செய்திகளாக நடக்கிறது என்பதால், மேசையில் எழுதப்படும் பெயருக்குப் பின்னால் என்ன பேரம் நடந்தது என்று மேசையைப் பார்த்தால் மட்டும் தெரியாது. டிரைவர்களின் சம்மதமில்லாமல் அந்தக் குரல்களைக் கேட்பதில்லை என்பதும், தனி ஒருவர் சொன்னது எதுவும் முதலாளிக்குப் போகாது என்பதும் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவானவை. முதலாளி சில வேளைகளில், "உங்ககிட்ட என்ன சொல்றாங்க மேடம்?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது ஆய்வு ஒழுக்கத்தின் பகுதி என்பதோடு, அந்தக் கேள்வியே குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு தரவு. தம் நிறுவனத்தின் ஒரு பகுதி தமக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது என்பதை அவர் உணர்ந்திருக்கிறார்.

அதனால்தானோ என்னவோ, இப்போது அந்த அலுவலகத்தில் ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது; வண்டிக்குக் கிடைக்கும் வருமானத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் கணக்கிட்டு, மறுநாள் எந்த லோடுக்கு எந்த வண்டி என்று திரை பரிந்துரைக்கிறது. வங்கிக்குக் கொடுத்த அறிக்கையின் நோக்கங்கள் அதற்குள் பதியப்பட்டுள்ளன. வரிசையில் நின்றவருக்குக் குறுந்தொலைவு என்னும் விதி அதில் இல்லை. அப்படி ஒரு விதி இருப்பதாக மென்பொருள் தயாரித்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை, சூப்பர்வைசரிடம் அவர்கள் கேட்கவும் இல்லை. அவர் திரைக்குப் பக்கத்திலேயே நோட்டையும் வைத்திருக்கிறார். திரை ஒரு வண்டியைச் சொல்ல நோட்டு வேறு வண்டியைச் சொல்லும் மாலைகளில், மறுநாள் காலை எது ஷெட்டை விட்டு வெளியே போகிறது, மாறுதலைத் திரையில் பதியும்போது காரணம் என்ற கட்டத்தில் அவர் என்ன நிரப்புகிறார் என்பவற்றை இப்போது தொடர்ந்து குறித்து வருகிறேன். பெரும்பாலும் அவர் அந்தக் கட்டத்தில் 'வண்டி ரிப்பேர்' என்று போடுகிறார்.